ஓலைப் பெட்டி தேடிப் போனேன்

சித்திரைத் திருவிழா சமயத்தில் ஊரில் இல்லாதவன் மதுரைக்காரனே அல்ல என்பார்கள். 2024ஆம் வருஷத்துத் திருவிழாவின்போது, என் பத்து வயது மகளை அழைத்துக்கொண்டு நானும் வைகைப் பாலத்துக்குப் போனேன். அழகர் ஆற்றில் இறங்க வேண்டுமே, அதற்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். மாதக் கணக்கில் காய்ந்து கிடந்த ஆற்றில் தண்ணீர் வருவதைப் பார்க்க ஊரே பாலத்தில் கூடியிருந்தது.

முதல் தண்ணீர் என்பது தண்ணீராக வருவதில்லை. நுரையும் சருகும் செருப்பும் புட்டியுமாக, ஊர் எதையெல்லாம் மறந்துவிட்டதோ அதையெல்லாம் சுமந்துகொண்டுதான் வரும்.

"அப்பா! அதோ பாருங்க, நம்ம கடை!" என்று கத்தினாள் மகள்.

கடையாவது, ஆற்றில் மிதப்பதாவது? அவள் காட்டிய இடத்தில் ஆகாயத்தாமரைக் கொத்தில் ஒரு பச்சைப் பை சிக்கிக்கொண்டிருந்தது. அதில் என் தாத்தாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே, 'மூன்று தலைமுறையாக உங்கள் நம்பிக்கைக்கு உரியவர்கள்' என்ற வாசகம்.

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். "நல்ல விளம்பரம்தான், அண்ணாச்சி! ராமேசுவரம் வரைக்கும் போகும்!"

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் ஒரு பலகாரக் கடைக்காரன். காராச் சேவும் முறுக்கும் அதிரசமும் விற்றுக் குடும்பம் நடத்துகிறவன். என் தாத்தா தமது பெயரைக் கடைப் பலகையில் எழுதியபோது, அது ஆற்றில் மிதக்கும் என்று எண்ணியிருப்பாரா?

துணி என்று நினைத்தது

நான் சட்டத்தை மதிக்காதவன் அல்ல என்பதை வாசகர்கள் நம்ப வேண்டும். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்தார்கள் அல்லவா? அந்த வாரமே பழைய பைகளை ஒழித்துக் கட்டினேன். பிறகு ஒருவர் கொண்டு வந்து காட்டிய 'துணிப் பை'யை வாங்கினேன். பார்க்கத் துணி, தொட்டால் துணி, விலையோ ஒன்று இரண்டே ரூபாய்! தாத்தாவின் பெயரையும் அச்சடித்துக் கொண்டேன்.

மகள் மறு நாள் காலையில் அந்தப் பையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, என் பழைய வேட்டியிலிருந்து ஒரு நூலையும் உருவி எடுத்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லிக் கொடுத்த பரீட்சையாம். இரண்டையும் தீயில் காட்டச் சொன்னாள். வேட்டி நூல் எரிந்து சாம்பலாயிற்று. பைத் துண்டோ சுருண்டு, உருகி, கறுப்பு முத்தாகத் திரண்டு நின்றது.

"இதுவும் பிளாஸ்டிக்தான் அப்பா. நெய்யவே இல்லை, ஒட்டி வச்சிருக்காங்க" என்றாள். தடைப் பட்டியலில் இந்த ஒட்டுப் பையும் உண்டு என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது.

எங்கள் வீட்டில் கணக்குப் பிள்ளை என் மனைவிதான். "நெகிழ்ச்சியெல்லாம் இருக்கட்டும். பை இல்லாம யாவாரம் எப்படி? காகிதத்துல மடிச்சா எண்ணெய் ஊறுது. செய்தித்தாள்ல மடிக்கவே கூடாது, அச்சு மையில ஈயம் இருக்குன்னு உணவுப் பாதுகாப்புக்காரங்க சொல்றாங்க. வேற என்னதான் வழி?" என்று கேட்டாள்.

வழி சொன்னவர் எங்கள் பழைய வாடிக்கைக்காரப் பாட்டி ஒருவர். "ஒங்க தாத்தா காலத்துல தீவாளிப் பலகாரம் ஓலைப் பெட்டியிலதானேப்பா வரும்? பெட்டியைத் தொறந்தா ஓலை வாசனையும் அதிரச வாசனையும் சேர்ந்து அடிக்குமே!" என்றார்.

எனக்கும் மங்கலாக ஞாபகம் வந்தது. தாத்தா அதிரசத்துக்கான கருப்பட்டியை உடன்குடியிலிருந்துதான் வரவழைப்பார். அது பனையோலைப் பெட்டிகளில் வரும். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டிருந்தது. நல்ல கருப்பட்டிக்கும் ஆயிற்று, பெட்டிக்கும் ஆயிற்று என்று மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

செந்தூர் ரயில்

திருநெல்வேலியில் திருச்செந்தூர் ரயில் ஏறினோம். இந்தப் பாதையில் ஒரு முறையாவது பகலில் பிரயாணம் செய்ய வேண்டும். பாளையங்கோட்டையையும் செய்துங்கநல்லூரையும் தாண்டினால் தாமிரபரணி ஊட்டி வளர்த்த பச்சை. வயலும் வாழையும் கண் கொண்ட மட்டும் விரிகின்றன. ஸ்ரீவைகுண்டம் வந்ததும் பெட்டியில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார்கள்.

காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் எண்ணூறு பேருடன் இந்த ஸ்டேஷனில்தான் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையும் சரளையையும் தண்ணீர் அறுத்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் உள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பல ஊர்களில் ஒரு வருஷத்து மழையே அவ்வளவு இராது!

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் விரலை நீட்டிக் காட்டினார். "இந்தப் பக்கம் பூரா வாழை. ஒண்ணு மிச்சமில்ல, எல்லாம் சாஞ்சுட்டு. வரப்புல நின்ன பனையைப் பாருங்க. அப்படியே நிக்கி."

மகள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டாள்.

நாசரேத்தைத் தாண்டியதும் காட்சி மாறிவிட்டது. பச்சை போய்ச் செம்மண் வந்தது. வாழை போய்ப் பனை வந்தது. ஒன்று, இரண்டு, பத்து, நூறு என்று எண்ணிக்கொண்டு வந்த மகள் குரும்பூரில் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

திருச்செந்தூரில் கடலில் கால் நனைத்து, செந்திலாண்டவனைத் தரிசித்துவிட்டு வெளியே வந்தால், வழியெல்லாம் சில்லுக்கருப்பட்டிக் கடைகள். சுக்கு மணக்கும் சின்னச் சின்னக் கருப்பட்டிச் சில்லுகள்! அவற்றைக் குட்டி ஓலைக் கொட்டான்களில் அடைத்து அடுக்கி வைத்திருந்தார்கள். சில்லு தீர்ந்த பிறகும் மகள் கொட்டானைக் கீழே போடவில்லை. பேனாவையும் அழிப்பானையும் அதில் போட்டுக்கொண்டாள்.

நாங்கள் மதுரையில் தேடித் திண்டாடிக்கொண்டிருந்த பொருள், இங்கே தெருவெல்லாம் நூறு வருஷப் பழக்கம்போலச் சர்வ சாதாரணமாகக் கிடந்தது!

தேரிக் காடு

உடன்குடிக்குப் போகும் பஸ் குலசேகரப்பட்டினம் வழியாகச் சென்றது. தசராவுக்கு வேஷம் கட்டிய பக்தர்கள் லட்சக் கணக்கில் கூடும் முத்தாரம்மன் கோயில் இந்த ஊரில்தான் இருக்கிறது. பஸ்ஸில் ஒரு வாலிபர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "அந்தாப் பக்கம் ராக்கெட் தளம் வருது" என்று மகளிடம் சொன்னார். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அடுத்த ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ஆம் தேதிதான் அடிக்கல் நாட்டியிருந்தார்கள்.

உடன்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் இறங்கி நடந்தோம். தேரி என்றதும் தேரை நினைத்துவிட வேண்டாம். தேரி என்பது காற்று கொண்டு வந்து குவித்த செம்மணல் மேடு. மணலில் இரும்புச் சத்து கலந்திருப்பதால் அப்படி ஒரு சிவப்பு. குங்குமத்தைக் கொட்டி வைத்ததுபோல் இருக்கிறது. காற்று பலமாக அடித்தால் மேடு இடம் மாறும் என்கிறார்கள். அந்த மணலை வேரால் பிடித்து நிறுத்துவது பனை. மழைத் தண்ணீர் ஓடிவிடாமல் உள்ளே இறங்குவதற்கும் அதுவே உதவி.

ஒரு பனையடியில் எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒருவர் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் அருவாப்பெட்டி, பக்கத்தில் மரத்தில் சாய்த்து மிதித்து ஏறும் முருக்குத்தடி, காலில் மாட்டிக்கொள்ளத் தளைநார். எங்களைப் பார்த்ததும், "வாங்க. பிள்ளைக்குப் பயினி வேணுமா?" என்றார். பதநீரை இங்கே பயினி என்கிறார்கள்.

பச்சை ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் பதநீரை ஊற்றிக் கொடுத்தார். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்த மகள், "டம்ளரையே மரத்திலேருந்து பறிச்சுக்கிறாங்க அப்பா!" என்று ஆச்சரியப்பட்டாள்.

பதநீர் இறக்குவது லேசான வேலை அல்ல. பாளையின் நுனியைத் தினந்தோறும் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். ஒரு நாள் தவறினால் ஊறல் குறையும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைத்தால்தான் பதநீர். இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். மாசியில் ஆரம்பித்து ஆடி வரை இதே வேலைதான்.

"தாத்தா, ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவீங்க?"

"இப்ப முப்பது. காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்."

"ஒரு மரம் எவ்வளவு உயரம்?"

"அறுபது அடி இருக்கும்னு வச்சுக்கோ."

மகள் நோட்டில் பெருக்கினாள். 3,600 அடி! பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, கொடைக்கானல் ஏழாயிரம் அடின்னு பாடத்திலே இருக்கு. தாத்தா ரெண்டு நாளுக்கு ஒரு தடவை கொடைக்கானல் ஏறுறாங்க!" என்றாள்.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஏறுறது சரிதான் தாயி. குளுகுளுன்னு இல்லையே!"

விடிலியில்

பனையோலை வேய்ந்த குடிசைக்குள் பதநீர் காய்ச்சுகிறார்கள். அதற்கு விடிலி என்று பெயர். பெரியவரின் மனைவி அடுப்பின் முன்னால் துடுப்பும் கையுமாக நின்றார். காய்ந்த மட்டையும் பன்னாடையும்தான் விறகு. கொதித்துக் குறுகிக் கூழான பாகை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்த்து, வரிசையாகக் குழியில் பதித்து வைத்த தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுகிறார். ஆறியதும் தட்டி எடுத்தால் கருப்பட்டி!

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ எட்டு லிட்டர் பதநீர் வேண்டும். அத்தனை ஏற்றமும் அத்தனை நெருப்பும் அந்தக் கறுப்புக் கட்டிக்குள் இருக்கின்றன. ஆனால் சந்தையில் அதற்குப் போட்டி யார் தெரியுமா? சீனிதான்! விலை மலிந்த சீனியைக் கரைத்துச் சேர்த்துக் காய்ச்சி, 'அசல் கருப்பட்டி' என்று பாதி விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் இந்தத் தொல்லை தீரவில்லை.

"ஒடச்சுப் பாருங்க. உள்ள மினுமினுன்னு இருந்தா சீனி. எங்களுது மங்கலாத்தான் இருக்கும். நல்லது எது மினுங்குது?" என்றார் அந்த அம்மாள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று அசல் உடன்குடிக் கருப்பட்டி என நான் சில மாதங்களாக வாங்கிக்கொண்டிருந்தது நன்றாகவே மினுங்கும். அதை நான் அங்கே சொல்லவில்லை. வாசகர்களிடம் மட்டும் சொல்கிறேன்.

"உங்க பிள்ளைங்க உதவிக்கு வர்றதில்லையா?" என்று பேச்சை மாற்றினேன்.

பெரியவர் அரிவாளைப் பெட்டியில் செருகினார். "மூத்தவன் கோயமுத்தூர்ல மில்லுல இருக்கான். சின்னவன் மெட்ராஸ்ல. ரெண்டு பேரையும் படிக்க வச்சது இந்த மரந்தான். எங்க பிள்ளைய மரத்துல ஏறக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி நாங்க ஏறினோம். கீழ விழுந்தவன் எத்தனை பேரு, தெரியுமா? எந்தத் தகப்பன் பிள்ளையை ஏறுன்னு சொல்லுவான்?"

"அப்ப இனிமே யாரு ஏறுவாங்க?" என்று கேட்டாள் மகள்.

யாரும் பதில் சொல்லவில்லை. ராக்கெட் ஏறப் போகிற ஊருக்குப் பக்கத்தில், பனை ஏற ஆள் இல்லை!

எனக்கு என் கடை ஞாபகம் வந்தது. நானும் என் மகள் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கக் கூடாது என்றுதானே நிற்கிறேன்? பெற்றவர்கள் எல்லாரும் ஒரே ஜாதிதான். பிள்ளைக்கு நல்ல உலகத்தை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்கிறோம். அந்த உலகத்தைத் தாங்கி நிற்கும் தொழில் மட்டும் நம் பிள்ளைக்கு வேண்டாம் என்கிறோம். பெரியவர் மேல் தப்புச் சொல்ல முடியுமா? பிள்ளை மனம் வைத்து ஏறும்படியான கூலியையும் பாதுகாப்பையும் நாம் அந்த மரத்துக்குக் கொடுத்திருக்கிறோமா?

ஆச்சியின் கணக்கு

பெட்டி முடைபவர்கள் அடுத்த தெருவில் இருந்தார்கள். இந்தக் கைத்தொழிலுக்கு இப்பக்கத்தில் நல்ல பெயர் உண்டு. கடலோரத்து மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவுச் சங்கமே வைத்துப் பனையோலைப் பொருள்கள் செய்கிறார்கள். நாங்கள் போன தெருவில் சங்கம் எதுவும் இல்லை. வேப்பமரத்து நிழலும், ஆறு பெண்களும், நடுவில் ஓர் ஆச்சியும்தான்.

குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை உரித்து, ஒரே அகலமாக வகிர்ந்து, ஈரத் துணியில் சுற்றிப் பதமாக்கி வைத்திருந்தார்கள். ஆச்சியின் விரல்கள் ஓடிய ஓட்டத்தில் எது மேலே போகிறது, எது கீழே வருகிறது என்றே தெரியவில்லை. நாங்கள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பெட்டிக்கு அடிப்பாகம் வந்துவிட்டது.

நான் வியாபார தோரணையில் ஆரம்பித்தேன். "ஆச்சி, கால் கிலோப் பெட்டி வாரம் ஐந்நூறு வேணும். வருஷம் பூரா. என்ன விலை?"

ஆச்சி கையை நிறுத்தவில்லை. "பெட்டி பதினஞ்சு ரூவா. ஐந்நூறு முடியாது."

"ஆள் சேர்த்துக்கலாமே?"

"ஆளு சேர்க்கலாம்யா. ஓலையை எங்க சேர்க்க? ஒரு பனை மாசத்துக்கு ஒரு ஓலைதான் புதுசா விடும். அந்தக் குருத்தை நீயும் நானும் வெட்டிக்கிட்டே இருந்தா மரம் என்னத்துக்கு ஆகும்? ஒரு மரத்துல வருசத்துக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. அதுக்கு மேல எங்க ஊர்ல வெட்ட மாட்டோம். ஐப்பசி, கார்த்திகையில ஓலை காயாது, பூசணம் பிடிச்சிரும். அப்ப பெட்டியே கிடையாது."

நான் திகைத்துப்போனேன். இத்தனை வருஷ வியாபாரத்தில், 'எத்தனை வேண்டும்?' என்று கேட்ட சரக்குக்காரரைத்தான் பார்த்திருக்கிறேன். 'இவ்வளவுக்கு மேல் கிடையாது' என்று சொன்னவரை அன்றுதான் பார்த்தேன். என் கடைக்கு எவ்வளவு வேண்டும் என்பது அங்கே கணக்கே அல்ல. மரம் எவ்வளவு தரும் என்பதுதான் கணக்கு.

இருந்தாலும் பழக்க தோஷம் போகுமா? "சரி ஆச்சி, வாரம் நூற்றைம்பது. விலை பன்னிரண்டு போட்டுக்குங்க" என்றேன்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஊர் முழுக்கக் கேட்கும்படி, "அப்பா, நம்ம கடையிலே யாராவது விலையைக் குறைச்சுக் கேட்டா, 'என் உழைப்பு உங்களுக்குத் தெரியலையா'ன்னு கோபப்படுவீங்களே!" என்றாள்.

வேப்பமரத்து நிழல் முழுவதும் சிரிப்பு. ஆச்சி முடைவதை நிறுத்திவிட்டு, "ஏட்டி, நீ வக்கீலுக்குப் படி!" என்றார்.

பதினைந்து ரூபாய்க்கே பேசி முடித்தோம். இரண்டு ரூபாய்ப் பை ஏன் இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று திரும்பும் வழியில் யோசித்தேன். மீதிப் பணத்தைக் கட்டுவது யார்? வைகை கட்டுகிறது, அதைத் தின்கிற மாடு கட்டுகிறது, நாளைக்கு என் மகள் கட்டப் போகிறாள். ஆச்சியின் பெட்டியில் அப்படிப் பாக்கி எதுவும் இல்லை. வாங்குகிற அன்றே முழு விலையையும் தீர்த்துவிடுகிறோம்.

விடைபெறும்போது பனையேறிப் பெரியவர் சொன்னார்: "தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான்னு சொல்லுவாவ. வச்சு, காய்ச்சு, பாளை விட, பதினஞ்சு இருபது வருசம் ஆவும். நான் ஏறுற மரம் ஒண்ணுகூட நான் வச்சது இல்ல."

கடை திறந்தது

ஊர் திரும்பியதும் எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு.

பெட்டிக்குப் பதினைந்து ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தருவதாக அறிவித்தேன். ஒருவரும் திருப்பித் தரவில்லை! ஒரு வீட்டில் பொத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் பூண்டு. தவிர, முறுக்கை ஓலைப் பெட்டியில் நாலு நாள் வைத்தால் நமுத்துப் போகிறது. அதிரசமும் சீரணியும்தான் அதில் சுகமாக இருக்கின்றன. ஆகவே பெட்டி, இனிப்புக்கும் பண்டிகைக்கும் என்று வைத்துக்கொண்டோம்.

காரத்துக்கு வழி கண்டுபிடித்தவள் என் மனைவி. "பைக்கு ரெண்டு ரூபா செலவு பண்ணினோம்ல? பாத்திரம் கொண்டு வர்றவங்களுக்கு அந்த ரெண்டு ரூபாயைக் குறைச்சுக் கொடுங்க. நமக்கு நஷ்டமில்ல" என்றாள். கடைப் பலகையில் எழுதிப் போட்டோம். முதலில் பாட்டிமார்கள் தூக்குவாளியோடு வந்தார்கள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் டிபன் டப்பாவோடு வந்தார்கள். 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்த இயக்கத்தால் மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு நடப்பதில் இப்போது யாருக்கும் வெட்கமில்லை என்பதும் ஓர் உதவி.

சில வாடிக்கைக்காரர்கள் போகத்தான் செய்தார்கள். "அடுத்த தெருவிலே பை தர்றாங்களே!" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. வெளியூருக்கு அனுப்பும் காரப் பொட்டலத்துக்கு இன்னும் திருப்தியான வழி கிடைக்கவில்லை. தகர டின்னில் அனுப்பிப் பார்க்கிறேன், கூலி கடிக்கிறது. அசல் கருப்பட்டி வாங்குவதால் அதிரசத்தின் விலையை உயர்த்த வேண்டியதாயிற்று. விற்பனை கொஞ்சம் இறங்கி, தீபாவளிக்கு ஏறி, இப்போது சமனாக நிற்கிறது. பணக்காரனாகவில்லை, பாழாகவும் இல்லை.

புரட்டாசி மாதம் பெட்டிகளோடு ஒரு சாக்கு வந்தது. திறந்து பார்த்தால் பனங்கொட்டைகள்! 'வக்கீலம்மாவுக்கு' என்று ஆச்சி சொல்லி அனுப்பியிருந்தார். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை என்பதும், 2021 முதல் கலெக்டர் அனுமதியில்லாமல் அதை வெட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருப்பதும் மகளுக்கு மனப்பாடம். செங்கல் சூளைக்கு விறகாகப் போன பனைகளுக்கு ஈடாக இனி நட வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

மேலூர்ப் பக்கம் என் மனைவியின் ஊர்க் கண்மாய்க்கரையில், ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு, மழைக்கு முன்னால் ஐம்பது கொட்டைகளை ஊன்றினோம். பனங்கொட்டை முதலில் கீழே இறங்கிக் கிழங்கு விட்டுவிட்டுத்தான் மேலே இலை காட்டும். அதுவரை பொறுமை இல்லாமல், முளைத்ததா என்று பார்ப்பதற்காக மகள் பொங்கல் சமயத்தில் மூன்றைத் தோண்டினாள். தோண்டிய கிழங்கை வீணாக்கக் கூடாதென்று வேகவைத்துத் தின்றும்விட்டாள். பாக்கி நாற்பத்தேழு.

அதற்கு முன்பே, ஐப்பசியில், ஆச்சி சொன்னதுபோலவே பெட்டி வரவு நின்றது. "மழை விடல. ஓலை காயல. வந்ததும் சொல்லுதேன்" என்று போனில் தகவல். தீபாவளிக் கூட்டம் கடையில் நெருக்குகிறது. முன்பானால் நான் பதறிப் போயிருப்பேன். அன்று மகளைக் கூப்பிட்டு, பலகையில் எழுதச் சொன்னேன். தன் அழகான கையெழுத்தில் எழுதினாள்:

'மழைக்காலம். பனைக்கு ஓய்வு. பெட்டி கிடையாது. பாத்திரம் கொண்டு வரவும்.'

கொண்டு வந்தார்கள்.